டப்பாவுக்கு ஒரு கொம்பு

பஸ் தகட்டுக்குப் பின்னால் நாலு அங்குலமாவது வெற்றிடம் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அதில் துளை போட்டுப் பழகிய கை, உலகத்தில் எல்லாத் தகட்டுக்கும் பின்னால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடும். வைஃபை டப்பாவின் முதுகுக்குப் பின்னால் அரை விரல்கடை இடம்கூட இல்லை என்பது இன்ஜினியருக்குத் தெரியவந்தபோது மணி காலை பதினொன்று பத்து. டிரில் பிளாஸ்டிக்கை எதிர்ப்பே இல்லாமல் தாண்டியது. தாண்டிய வேகத்தில் உள்ளே எதையோ ‘கறுக்’ என்று கடித்தது. வெளியே இழுத்தபோது அதன் நுனியில் பச்சைப் பொடி ஒட்டியிருந்தது.

டப்பா வெள்ளை. அப்படியென்றால் பச்சை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும் அளவுக்கு அவருக்கு அறிவு இருந்தது. துளை போடுவதற்கு முன்னால் யோசிக்கும் அளவுக்கு இல்லை.

ஊதினார். சட்டை நுனியால் துடைத்தார். பிறகு, வேலையைக் கெடுத்த எல்லா மெக்கானிக்கும் செய்வதைச் செய்தார்: ஒன்றுமே நடக்காத மாதிரி வயரைச் செருகி, சுவிட்சைப் போட்டுவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஓரக்கண்ணால் பார்த்தபோது டப்பாவில் ஒரு விளக்கும் எரியவில்லை. நேராகப் பார்த்தாலும் எரியவில்லை. தீய்ந்த வாடை மட்டும் மெதுவாகக் கிளம்பி, விலாசம் தெரிந்த விருந்தாளி மாதிரி அவர் மூக்கில் வந்து உட்கார்ந்தது.

இன்ஜினியர் என்பது அவர் வாங்கிய பட்டம் இல்லை; மச்சான் வைத்த பட்டப்பெயர். பஸ் டிப்போவில் பிரேக்கும் கியர்பாக்ஸும் பார்க்கிற மெக்கானிக் அவர். ஒரு சமயம் மச்சான் வீட்டு மின்விசிறியைப் பழுது பார்த்துக் கொடுத்தார். அது நன்றாகவே சுற்றியது, ஆனால் எதிர்ப்பக்கமாக. காற்று முழுவதும் கூரைக்குப் போயிற்று. “இன்ஜினியர் மாமா புண்ணியத்துல எங்க வீட்டுப் பல்லிக்கு வேர்க்கிறதே இல்ல” என்று மச்சான் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்ல, அன்றையிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்று அவருக்கு வார விடுமுறை. அவருடைய மனைவிக்கு இன்று மாலை நாலு மணிக்கு வாழ்வா சாவா.

மனைவியை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும், அவரும் அப்படியேதான். பதினேழு வருடம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் அவர் தொண்டையைக் கனைத்தால் இந்தக் கோடியில் இருக்கும் வகுப்பு அடங்கும். எட்டு மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடினார்கள். கொஞ்ச நாள் பழக்க தோஷத்தில் ஆறு மணிக்கு எழுந்து, தலைவாரி, போக இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அதுவும் நின்றது. பேச்சும் சுருங்கிப்போனது. ‘ஒண்ணுமில்ல’, ‘சும்மாதான்’, ‘பரவாயில்ல’ என்ற மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு எட்டு மாதமாக ஒரு குடும்பத்தையே நடத்தினார். இன்ஜினியர் சட்டையைக் கழற்றிக் கண்ட இடத்தில் போட்டுப் பார்த்தார், குழாயை மூடாமல் வந்து பார்த்தார். திட்டு விழவில்லை. மனைவி திட்டவில்லையே என்று ஏங்கிய புருஷன் அந்தத் தெருவில் அவர் ஒருத்தராகத்தான் இருந்திருப்பார்.

அந்தச் சமயத்தில்தான், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்தும் கம்பெனி ஒன்று டீச்சரின் விண்ணப்பத்துக்குப் பதில் போட்டது. முதலில் மூன்று ஒத்திகை. அதற்கப்புறம் நாற்பது நிமிடம் ஒரு நேரடி வகுப்பு. கம்பெனி ஆள் ஒருவர் முகம் காட்டாமல் அதைப் பார்ப்பார். பிடித்திருந்தால் வேலை. ‘குறித்த நேரத்தில் இணைப்பில் வராதவர்களுக்கு மறுவாய்ப்பு கிடையாது’ என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். கடிதம் அவருக்கு வந்ததல்ல என்றாலும் இன்ஜினியர் அதை ஒன்பது தடவை படித்தார். மெக்கானிக் வேலைக்கு யாரும் இவ்வளவு மரியாதையாக மிரட்டி எழுத மாட்டார்கள்.

வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து பாடம் எடுக்க முடியாது. எதிரே கம்பிக்கதவு செய்யும் பட்டறை. கட்டிங் மெஷின் ஓட ஆரம்பித்தால் தலைக்குள் பல் மருத்துவர் புகுந்த மாதிரி இருக்கும். அதனால் டீச்சர் பின்னறைக்குப் போனார். ஒத்திகை மூன்றிலும் ஒரே கதைதான் நடந்தது. பத்து நிமிடம் ஆனதும் பின்னறைக் கதவு திறக்கும். டீச்சர் வெளியே வந்து, தண்ணீர் குடித்து, “படம் நின்னுடுச்சு” என்பார். இன்ஜினியர் போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்ப் பார்த்தார். வைஃபையின் நாலு கோட்டில் ரெண்டுதான் தெரிந்தது. நடுவே மூன்று சுவர். நோயைக் கண்டுபிடித்த டாக்டர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். டப்பாவுக்குக் கொம்பு இல்லை, அதுதான் விஷயம். வெளியே ஒரு நல்ல ஆன்டெனாவை வைத்துவிட்டால் சிக்னல் மூன்று சுவர் என்ன, முப்பது சுவரையும் தாண்டும்.

கடையில் முழங்கை நீளத்தில் ஒரு ஆன்டெனாவும், அதை உள்ளே இணைக்க ஒரு குட்டி வயரும் வாங்கி வந்தார். டப்பாவைத் திறந்து, பட்டன் மாதிரி இருக்கும் பழைய இணைப்பைக் கழற்றி, இதை அமுக்கவேண்டும். முதுகில் ஒரு துளை போட்டு ஆன்டெனாவைத் திருகவேண்டும். வேலை அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பச்சைப் பலகையை முதலில் வெளியே எடுத்துவிட்டுத் துளை போடவேண்டும் என்பது யாருக்கும் தோன்றும். அவருக்கும் தோன்றியது. ஆனால் அதன் திருகாணிகள் எள்ளளவு இருந்தன. அவரிடம் இருந்ததிலேயே சின்ன ஸ்க்ரூடிரைவர், பஸ்ஸின் கதவைக் கழற்றுவது. பலகை அது பாட்டுக்கு இருக்கட்டும், நாம் நிதானமாகப் போடுவோம் என்று நினைத்தார். பத்து டன் வண்டியைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு இந்தச் சோப்பு டப்பா எம்மாத்திரம்.

டீச்சர் மூக்குக்கண்ணாடிக்குப் புது லென்ஸ் வாங்கப் போயிருந்தார். ஒரு மணிக்கு வந்துவிடுவேன், அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எட்டு மாதத்தில் அவர் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது.

இன்ஜினியர் டப்பாவைத் துண்டில் சுற்றி, அடிபட்ட புறாவைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினார். ரிப்பேர்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். அதைக் கண்ணுக்கு இறக்கி, துளை வழியாக உள்ளே பார்த்து, அந்தப் பக்கமாகத் திருப்பி, துளை வழியாக வெளியேயும் பார்த்தார்.

“யார் பண்ணது?”

“ஒரு மெக்கானிக்” என்றார் இன்ஜினியர்.

“அந்த ஆளை இனிமே வீட்டுக்குள்ள விடாதீங்க.”

“சரி.”

சரியாகுமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றார் ரிப்பேர்காரர். இன்னைக்குள்ளே ஆகுமா என்றார். பார்க்கணும் என்றார். பார்க்கலாமுக்கும் பார்க்கணுமுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்ஜினியர் அந்த முகத்தில் தேடினார், பூதக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரிய கண்தான் இருந்தது. புதுசு ஒன்று வாங்கி மாட்டினால் என்ன என்று கேட்டதற்கு, மாட்டலாம், ஆனால் இன்டர்நெட் லைன்காரன் அவன் கொடுத்த டப்பாவைத்தான் ஏற்றுக்கொள்வான், சில சமயம் வேறு டப்பாவையும் ஏற்றுக்கொள்வான், எதற்கும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்று வழவழவென்று ஒரு பதில் வந்தது. முடியும் என்று சொல்லியிருந்தால் அந்தக் காலில் விழுந்திருப்பார். முடியாது என்று சொல்லியிருந்தால் அடுத்த கடைக்கு ஓடியிருப்பார். இரண்டும் இல்லாமல் இருபது நிமிடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

அவர்கள் வீட்டில் போன் சிக்னல் கிடைப்பது வாசற்படியில் மட்டும்தான், அதுவும் ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே வைத்து நின்றால். அப்படி நின்றுகொண்டு லைன் கம்பெனிக்குப் போன் போட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல் பதினான்கு நிமிடம் சொன்னது. பதினைந்தாவது நிமிடம் நிஜப் பெண் ஒருத்தி வந்தாள். புகாரைப் பதிவு செய்துகொண்டாள். இன்றைக்கு ஆள் வருவாரா என்று கேட்டார். எங்களால் முடிந்ததைச் செய்வோம் சார் என்றாள். இல்லம்மா, வருவாரா மாட்டாரா என்றார். உங்கள் சிரமம் புரிகிறது சார் என்றாள். எதிர்ப் பட்டறையில் கட்டிங் மெஷின் ஓட ஆரம்பித்தது. அதற்கு மேலே குரலை உயர்த்தி, எனக்கு ஒரே ஒரு வார்த்தை போதும், வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொல்லும்மா என்று கெஞ்சினார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார் என்று அவள் கேட்டாள்.

மிச்சம் இருந்தது மச்சான். மூன்று தெரு தள்ளி வீடு. வீட்டில் நல்ல லைன். அங்கே வைத்து வகுப்பு எடுத்துவிடலாம். நடந்ததை மேலோட்டமாகச் சொன்னதுமே அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. “எதிர்ப்பக்கமா சுத்துதா மாமா?” என்று கேட்டான். இன்ஜினியர் பல்லைக் கடித்துக்கொண்டார். வரலாம், தாராளமாக வரலாம், ஆனால் ரெட்டைக் குழந்தைகள் இருக்கிறதே என்றான் மச்சான். ஒன்று அழுதால் இன்னொன்று சும்மா இருக்காது. நாலு மணிக்குத் தூங்குவார்களா என்று கேட்டதற்கு, “தூங்கினா தூங்குவாங்க மாமா” என்றான். இப்படி ஒரு பதிலைச் சொல்ல ஒரு மனிதன் தேவையா, சுவரே சொல்லிவிடாதா என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தார்.

ஒரு மணிக்கு டீச்சர் வந்தார். செருப்பைக் கழற்றியபடியே சுவரைப் பார்த்தார். டப்பா இருந்த இடத்தில் ஆணியும், ஆணியிலிருந்து தொங்கும் வயரும், கீழே மேசையில் உறை பிரிக்காத ஆன்டெனாவும். புது லென்ஸ் போட்ட நேரம், எல்லாம் தெளிவாகவே தெரிந்திருக்கும்.

இன்ஜினியர் வாசற்படியிலிருந்தே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். ஒரு சின்ன விஷயம் என்று தொடங்கி, சிக்னல் எப்படிச் சுவரில் பட்டுத் தேய்கிறது என்பதை விளக்கி, உன் நன்மைக்காகத்தான் என்பதைச் சொல்லி, கடைசியில் துளைக்கு வருவது திட்டம். ஆனால் வாயைத் திறந்ததும் துளைதான் முதலில் வந்தது. உடைத்துவிட்டேன் என்றார். ரிப்பேர்காரர் பார்க்கணும் என்கிறார், லைன் கம்பெனிக்காரி புரிகிறது என்கிறாள், உன் தம்பி தூங்கினால் தூங்குவார்கள் என்கிறான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

அவர் எதிர்பார்த்தது இடி. வந்தது தூறல்கூட இல்லை. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் இரண்டும் ஒரு அங்குலம் கீழே இறங்கின.

“சரி, விடுங்க” என்றார். “பரவாயில்ல.”

அந்தப் ‘பரவாயில்ல’ இன்ஜினியருக்கு இடியைவிடப் பெரிதாகக் கேட்டது. கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டாள், கடைசியாக ஒரு கயிறு கிடைத்தது, அதையும் நாமே டிரில் போட்டு அறுத்தோம் என்று நினைத்தார். வர முடியவில்லை என்று பாடம் நடத்தும் கம்பெனிக்கு ஒரு வரி எழுதிப் போட்டுவிடலாம் என்று டீச்சர் சொன்னார். வாசற்படியில் நின்று போனிலேயே எழுதிவிடுவாராம். எழுந்து போனையும் எடுத்தார். இன்ஜினியர் குறுக்கே போய் நின்றார். கையைப் பிடித்தார். கல்யாணமான புதிதில் பிடித்ததற்கு அப்புறம் பகலில் பிடித்தது இப்போதுதான்.

ஒரு மணி நேரம் கொடு என்றார். ஒரே ஒரு மணி நேரம். அதற்குள் ஒன்றும் ஆகவில்லை என்றால் எழுதிக்கொள். எதற்கு இவ்வளவு பாடு என்று டீச்சர் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்ஜினியரிடம் பதில் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல நேரமில்லை. அதனால் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

எங்கே ஓடுகிறோம் என்று தெரியாமல்தான் ஓடினார். கால் தெரிந்து வைத்திருந்தது. லீவு நாளில் டிப்போ வாசலில் வந்து மூச்சிரைத்து நின்றவரைப் பார்த்து, வீட்டில் சண்டையா என்று காவலாளி கேட்டார். உள்ளே டைம்கீப்பர் அறை. எந்த வண்டி எப்போது போனது, எப்போது வந்தது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற இடம். அங்கே சுவரில் ஒரு பெட்டி, அதற்குப் பிறவியிலேயே நாலு கொம்பு. பச்சை விளக்குகள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தன. இன்ஜினியருக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கியது.

டைம்கீப்பரை எல்லோரும் அக்கா என்பார்கள். சட்டம் பேசுகிறவர். அவரிடம் இன்ஜினியர் முழுக் கதையையும் சொன்னார். மானம் போவதைப் பற்றி யோசிக்கும் கட்டம் தாண்டிவிட்டது; தலைக்கு மேலே போன வெள்ளம் சாண் என்ன, முழம் என்ன. இந்த அறைக்குள் முடியாது என்பது அவருக்கே தெரிந்தது, நிமிடத்துக்கு ஒரு டிரைவர் வந்து கத்துகிற இடம். ஆனால் அறையின் வெளிச்சுவரை ஒட்டி, கியர்பாக்ஸுக்காக ஆறு வாரமாகக் காத்துக்கிடக்கும் நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ் நின்றது. அதற்குள் உட்கார்ந்தால் சிக்னல் வரும். இந்த ஜன்னல் வழியாக ஒரு வயரைக் கொடுத்தால் மின்சாரமும் வரும். பேட்டரி செத்துப்போன லேப்டாப்புக்கு அது இல்லாமல் முடியாது. செய்துகொள்ளட்டுமா என்று கேட்டார்.

அக்கா பெட்டியின் கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அதை மேசையிலேயே வைத்துவிட்டு, நாலு மணிக்கு நான் டீ குடிக்கப் போவேன், வர ஐம்பது நிமிடம் ஆகும், நான் இல்லாத நேரத்தில் இங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார். அன்றைக்கு ‘சரி’கூட நேராக வரவில்லை. பரவாயில்லை என்று இன்ஜினியர் சீட்டை எடுத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் வேலை பார்த்த வேகத்தில் அவர் வாழ்க்கையில் எதையும் பொருத்தியதில்லை. பஸ்ஸின் கடைசி நீள இருக்கையைத் தண்ணீர் விட்டுத் துடைத்தார். முன்னால் இரண்டு டூல் பாக்ஸை அடுக்கி மேலே பலகை போட்டார். டீச்சரின் முதுகுக்குப் பின்னால் ‘அவசர வழி’ என்று சிவப்பில் எழுதியிருந்ததை மறைக்க வீட்டிலிருந்து ஒரு போர்வையைக் கொண்டுவந்து கிளிப் போட்டு மாட்டினார். வயரை ஜன்னல் வழியாக இழுத்தார். டிப்போவில் அன்று ஷிப்டில் இருந்த பதினோரு பேரிடமும் ஒவ்வொருவராகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, நாலு மணியிலிருந்து நாற்பது நிமிடம் சுத்தியல் சத்தம் கூடாது, ஹாரன் கூடாது, சண்டை கூடாது என்று கேட்டுக்கொண்டார். சண்டை இல்லாமல் நாற்பது நிமிடம் எப்படிப் போகும் என்று ஒருவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

நடுவே வீட்டுக்கு ஓடி டீச்சரை அழைத்துவந்தார். அழைத்துவந்தார் என்பதைவிடத் தள்ளிக்கொண்டு வந்தார் என்பது சரி. வழியெல்லாம் டீச்சர் நின்று நின்று நடந்தார். செருப்பு கடிக்கிறது என்றார். தாகம் என்றார். பஸ்ஸுக்குள்ளே உட்கார்ந்து யாராவது பாடம் எடுப்பார்களா, பார்ப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா என்றார். இன்ஜினியர் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கணக்குக்கு பஸ் என்ன வீடு என்ன, எங்கே போட்டாலும் ரெண்டும் ரெண்டும் நாலுதானே என்று சமாளித்துக்கொண்டே வந்தார்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு லேப்டாப் கண் விழித்தது. துண்டுச் சீட்டில் இருந்த கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். சுற்றியது, சுற்றியது, பிடித்தது. திரையின் மூலையில் கோடுகள் எழும்பின. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதும்.

“பார்த்தியா? நாலு கோடு. முழுசு” என்றார். மூலையில் விரலை வைத்துக் காட்டினார். “இனிமே அசையாது.”

டீச்சர் அந்த நாலு கோட்டைப் பார்த்தார். முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார்.

“இங்கயும் நின்னுடும்” என்றார்.

எது என்று கேட்டார். படம் என்றார் டீச்சர். நிற்காது, பெட்டி சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, கை நீட்டினால் தொடலாம் என்று இன்ஜினியர் விளக்க ஆரம்பித்தார். டீச்சர் கேட்டதாகவே தெரியவில்லை. நின்னுடும் என்று இன்னொரு தடவை சொன்னார், கோடுகளைப் பார்த்தே. கை இரண்டையும் பலகைக்குக் கீழே மடியில் வைத்திருந்தார். பலகை நடுங்கவில்லை, வளையல்தான் மெல்லச் சத்தம் போட்டது.

இன்ஜினியர் வாயை மூடிக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் பிரேக் பார்த்தவருக்கு ஒரு விஷயம் தெரியும். ஓடுகிற வண்டி திணறி நின்றால் எல்லோரும் பானெட்டைத் திறந்து இன்ஜினை நோண்டுவார்கள். உள்ளே யாராவது பெடலில் காலை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. அவருக்கே எத்தனையோ தடவை தோன்றியதில்லை. மூன்று ஒத்திகை. மூன்றும் பத்தாவது நிமிடம். கோளாறு இப்படி மணி பார்த்து வராது.

இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு டீச்சருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். வெளியே டிப்போ ஒவ்வொரு சத்தமாக அடங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு கம்ப்ரசர் இருமி நின்றது.

“நம்ம வீட்ல படம் நின்னுச்சே” என்றார் மெதுவாக. “அது தானா நின்னுச்சா, இல்ல நீ நிறுத்தினியா?”

டீச்சர் ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்ல உதட்டைப் பிரித்தார். அந்த வார்த்தை வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனது இன்ஜினியருக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

“கோவப்பட மாட்டேன்” என்றார். “டப்பாவை உடைச்சவனுக்குக் கோவப்பட என்ன தகுதி இருக்கு? எனக்கு விஷயம் தெரியணும், அவ்வளவுதான். காலையிலேர்ந்து ஒருத்தரும் எனக்கு நேரா ஒரு பதில் சொல்லல. ரிப்பேர்காரன் சொல்லல, உன் தம்பி சொல்லல. நீ சொல்லு. வேணாம்னா இப்பவே எல்லாத்தையும் கழட்டிடறேன். போர்வையை மடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடலாம். நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். இந்த வேலை உனக்கு வேணுமா, வேணாமா?”

மூன்று ஐம்பத்தேழு. திரையில் ஒரு நீலப் பட்டன் தோன்றி, ‘வகுப்பில் சேர்க’ என்றது. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். புருஷனை நேருக்கு நேராகப் பார்த்தார். எட்டு மாதத்தில் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நான்தான் நிறுத்தினேன்” என்றார். “மூணு தடவையும். அந்தப் பக்கம் ஒரு மூஞ்சிகூடத் தெரியல. வெறும் பேரா வரிசையா இருக்கு. பசங்களுக்குப் புரியுதா, தூங்கறாங்களா, ஒண்ணும் தெரியல. பத்து நிமிஷம் ஆனதும் நாக்கு ஒட்டிக்கிச்சு. பதினேழு வருஷம் பாடம் எடுத்தவளுக்கு வகுத்தல் வரலைன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? சிக்னல் மேல பழியைப் போட்டேன். நீங்க உடனே போய்க் கொம்பு வாங்கிட்டு வந்துட்டீங்க. டப்பா உடைஞ்சிடுச்சுன்னு சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. நிஜமாவே நிம்மதியா இருந்துச்சு.”

கை மேலே வந்தது. பட்டனுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

“பயமாத்தான் இருக்கு. ஆனா வேணும். எனக்கு இந்த வேலை வேணும். எழுந்திரிங்க முதல்ல. இப்படிக் குந்தி உட்கார்ந்து மூஞ்சியைப் பார்த்துட்டே இருந்தீங்கன்னா எனக்குப் பெருக்கல்கூட வராது. கீழ இறங்கிக் கதவைச் சாத்துங்க, முடியற வரைக்கும் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடக் கூடாது.”